முக்காடும் நமது கண்ணும்

சென்ற சித்திரையில் ஒரு சிவில் வழக்கு சம்பந்தமாக இடத்தைப் பார்வையிடுவதற்காக நாரணாபுரம் வரை செல்ல நேர்ந்தது. சிவகாசியிலிருந்து அவ்வூருக்குக் காலை வேளையில் செல்லும் பஸ்ஸின் நெரிசலை நேயர்களில் அநேகர் அறிந்திருப்பர். தீப்பெட்டியாபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியும் கழுத்தில் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள். வழியில் ஓரிடத்தில் முஸ்லிம் ஸ்திரீகள் இருவர் ஏறினார்கள். தாயும் மகளுமாக இருக்கவேண்டும். இருவரும் கறுப்புப் பர்தா அணிந்திருந்தார்கள். கண்கள் மாத்திரமே வெளியே தெரிந்தன.

நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "இந்த வெயில்ல இப்படிப் போர்த்திக்கிட்டு... பாவம்" என்றார். அவர் பக்கத்திலிருந்தவர், "உள்ளே இருக்கிறது ஆணா பொண்ணான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். வயதான ஒருவர் இன்னொரு விதமாகப் பேசினார். "எங்க தெருப் பாய் வீட்டுப் பொம்பளைங்க அந்தக் காலத்துல சேலைத் தலைப்பைத்தான் தலையில போட்டிருந்தாங்க. இதெல்லாம் இப்ப வந்தது" என்பது அவர் அங்கலாய்ப்பு. மூவரும் அந்த ஸ்திரீகளின் காதில் விழும்படியாகவே பேசினார்கள். அப்போது நின்றுகொண்டிருந்த தொழிலாளப் பெண் ஒருத்தி, "ஏன் அண்ணாச்சி, மருந்துத் தூசிக்குப் பயந்து நாங்க நாள்பூரா மூஞ்சியைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். எங்களைப் பார்த்து ஒரு நாளாச்சும் பாவம்னு சொல்லியிருக்கீகளா?" என்று கேட்டாள். பஸ் முழுவதும் சிரித்தது. பர்தாவுக்குள்ளிருந்த இளைய பெண்ணும் சிரித்தாள் என்பது அவள் தோள் குலுங்கியதிலிருந்து தெரிந்தது. நாரணாபுரம் வருமுன்பே அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

ஒருவர் இரக்கம், ஒருவர் சந்தேகம், ஒருவர் வருத்தம் என்று மூன்று அபிப்பிராயங்கள் அந்த பஸ்ஸில் வெளியாயின. முஸ்லிமல்லாத ஜனங்கள் இவ்விஷயத்தில் கொண்டிருக்கும் மனப்பான்மை ஏறக்குறைய இம்மூன்றில் அடங்கிவிடும் என்பது நமது எண்ணம். இவற்றில் எதுவும் அந்த ஸ்திரீகளைக் கேட்டுப் பிறந்ததல்ல. நாமும் கேட்டோமில்லை, கட்சிக்காரரின் தஸ்தாவேஜுகளை மடியில் வைத்துக்கொண்டு காது கொடுத்திருந்ததோடு சரி.

வயதானவர் சொன்னதில் உண்மையுண்டு. அதை மறுப்பதால் பயனில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் முற்காலத்து முஸ்லிம் ஸ்திரீகள் வெளியே செல்லும்போது வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திச் சென்றார்கள். உள்நாட்டுக் கிராமங்களில் சேலைத் தலைப்பே முக்காடாக இருந்தது. கறுப்பு அங்கி பரவியது பெரும்பாலும் வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் பிழைக்கப் போன பிற்பாடே. ஆகவே, "முன்பு இப்படியில்லையே" என்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முன்பு எதுதான் இப்படியிருந்தது? பஞ்சாபிலிருந்து வந்த சுடிதார் இன்று தமிழ்ப் பெண்களின் உடையாகிவிட்டது. அங்கலாய்த்த பெரியவரே கால்சட்டை அணிந்திருந்தார். அவருடைய தகப்பனார் வேஷ்டி கட்டியிருப்பார். காலையில் பால் வாங்கப் போகும் நமது வீட்டுப் பெண்கள் நைட்டி என்ற அங்கியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அது எந்தப் புராதன தர்மத்தில் சொல்லியிருக்கிறதென்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நம்முடைய மாறுதல் காலத்தின் போக்கு. அடுத்த வீட்டாரின் மாறுதல் மாத்திரம் ஆராய்ச்சிக்குரிய சதி என்றால், அது என்ன நியாயம்?

தென்னாட்டில் இந்த ஆடை கண்ணை உறுத்துவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2019 கடைசியிலும் 2020 ஆரம்பத்திலும் இந்தியாவெங்கும் ஏறக்குறைய 30,000 பேரை விசாரித்தார்கள். வீட்டுக்கு வெளியே தலையை மூடிக்கொள்வதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 61 பேர். முஸ்லிம் பெண்களில் 89, சீக்கியப் பெண்களில் 86, ஹிந்துப் பெண்களிலும் 59. அதாவது தேசத்தை மொத்தமாகப் பார்த்தால் முக்காடு ஒரு மதத்தாரின் சொத்தல்ல. ஆனால் தென்னாட்டை மாத்திரம் பிரித்துப் பார்த்தால் முஸ்லிம் பெண்களில் 83 பேருக்கு ஹிந்துப் பெண்களில் 22 பேரே தலையை மூடுகிறார்கள். ராஜபுதனத்திலே ஹிந்து மருமகளும் முஸ்லிம் மருமகளும் ஒரே கிணற்றடியில் முக்காட்டுடன் நிற்பார்கள். பார்க்கிறவன் அங்கே வித்தியாசம் காண்பதில்லை. இங்கே முக்காடென்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது கைம்பெண் கோலம், அல்லது வெட்கக்கேடு. "தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனான்" என்று நாம் கடன்பட்டு நொடித்தவனைச் சொல்கிறோம். அந்தப் பழைய அர்த்தத்தையெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்ணின் தலைமேல் ஏற்றிப் பார்த்துவிட்டு, அவளுக்காக இரங்குகிறோம்.

இருந்தாலும் மறைவு நமக்கு அந்நியமென்று சொல்வதற்கில்லை. ஜமீன் அரண்மனைகளில் கோஷா இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் ஹிந்து ராணிமார்கள். 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவு, தேசாசாரப்படி வெளியே வருவதற்கு நிர்ப்பந்திக்கத்தகாத ஸ்திரீகள் நியாயஸ்தலத்தில் நேரில் ஆஜராக வேண்டியதில்லை என்று விலக்களிக்கிறது. அந்தப் பிரிவில் மதத்தின் பெயரே இல்லை. 1885-ல் மேரி ஷார்லிப் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணியின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை ஏற்பட்டது. அதற்கிட்ட பெயரில் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்ற சொற்கள் சேர்ந்தே இருந்தன. ஆண் வைத்தியரிடம் காட்டமாட்டேன் என்று பிரசவத்தில் மாண்டவர்களில் இரு வகையாரும் இருந்தார்கள். விடுதலைக்குப் பின் அதற்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பிறகும் திருவல்லிக்கேணி வாசிகளுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். அதை நிறுவியவர்கள், "முதலில் திரையை நீக்கு, பிறகு மருந்து" என்று சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். மருந்து முதலில் வந்தது.

மகாத்மா காந்தி பர்தாவைக் கண்டித்தவர். 1927-ல் பீஹாரில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, ஸ்திரீகள் திரைக்குப் பின்னால் உட்கார்த்தப்பட்டிருந்ததைக் கண்டு வருந்தித் தமது பத்திரிகையில் கடுமையாக எழுதினார். ஆனால் அவர் பேசியது தம் சொந்த ஜனங்களிடத்தில், தம் சொந்த வீட்டுக் குறையாக. 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைக் களைந்து முழங்கால் வேஷ்டியை ஏற்றவரும் அவரே. அந்தக் கோலத்தை எந்தத் தொண்டன் மீதும் அவர் கட்டளையாகச் சுமத்தவில்லை. தன் உடையைத் தானே மாற்றிக்கொள்வது வேறு, பிறர் உடையில் கைவைப்பது வேறு.

இந்த வித்தியாசத்தை நமது ஜில்லாவாசிகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிச் சேலை உடுத்த உரிமை கேட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்து வருஷங்கள் போராடினார்கள். சந்தையிலும் சாலையிலும் அவர்கள் துணியைப் பிறர் பிடித்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா விடுத்த பிரகடனம் மூடிக்கொள்ள அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் மாத்திரம் உடுத்தலாகாது என்று அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களின் பேத்தி, கொள்ளுப்பேத்திகளோடு கொண்டு கொடுத்த குடும்பங்கள் சிவகாசியிலும் விருதுநகரிலும் இல்லாமலில்லை. ஒரு பெண் எவ்வளவு மூடலாம், எவ்வளவு திறக்கலாம் என்பதைத் தெருவில் நிற்கும் அந்நிய ஆண் நிர்ணயிப்பது எத்தகைய இழிவு என்பதை இந்தப் பிரதேசம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டது.

அதனால்தான் மேலூர்ச் சம்பவம் நமக்கு ஆறுதலளித்தது. 2022 பிப்ரவரி 19-ல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை ஜில்லா மேலூரில் ஒரு வாக்குச்சாவடிக்கு ஹிஜாப் அணிந்து வந்த ஸ்திரீயை, அதை நீக்கும்படி பாரதீய ஜனதாக் கட்சியின் முகவர் ஆட்சேபித்தார். தி.மு.க. முகவரும் அ.தி.மு.க. முகவரும் ஒரே குரலில் அவரை எதிர்த்தார்கள். வாக்குப்பதிவு சிறிது நேரம் தடைப்பட்டது. போலீஸார் தலையிட்டு, ஆட்சேபித்தவரை வெளியேற்றியபின் மறுபடி நடந்தது. வேறெந்த விஷயத்திலும் ஒன்றுபடாத இரு கட்சியாரும் முன்யோசனையின்றி அந்தக் கணத்தில் ஒன்றுபட்டார்கள். அவர்களுடைய மேலிடம் உத்தரவிட்டு நடந்த காரியமல்ல இது.

முகத்தைச் சரிபார்க்க வேண்டியது அவசியமில்லையா என்று கேட்கலாம். அவசியந்தான். வாக்காளர் பட்டியலில் பர்தாப் பெண்களின் படத்தைப் போடக்கூடாதென்று நம்மவர் ஒருவர் தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் தள்ளியது. 2010 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவ்விரண்டும் சரியான முடிவுகளே. ஆனால் சரிபார்ப்பதற்கு முறை ஏற்கெனவே இருக்கிறது. பர்தாப் பெண்கள் மிகுதியாக உள்ள சாவடிகளில் தனி மறைவிடத்தில் பெண் அதிகாரியே முகத்தைப் பார்த்து, விரலில் மை வைத்து அனுப்ப வேண்டுமென்று தேர்தல் கமிஷனின் கைப்புத்தகம் சொல்லுகிறது. கட்சி முகவருக்குச் சந்தேகமிருந்தால் அதைத் தலைமை அதிகாரியிடம் சொல்லலாம். துணியைக் களையும்படி தாமே சொல்ல அவர் யார்?

நாரணாபுரத்து ஆலைகளில் ஒரு விதி உண்டு. நைலான் முதலிய செயற்கை இழைத் துணி உடுத்தி மருந்தறைக்குள் வரக்கூடாது. பருத்திதான் உடுத்த வேண்டும். உராய்வில் பிறக்கும் மின்பொறி ஓர் அறையையே தூக்கிவிடும். அந்த விதியைச் சொல்லும் மேஸ்திரியை எந்தப் பெண்ணும் கோபிப்பதில்லை. அது ஹிந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்றே. அதன் காரணம் எதிரே தட்டில் கிடக்கிறது. உடை விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு நியாயமா என்று அறிய விரும்புகிறவர்கள் பெரிய சட்டப் புத்தகங்களைப் புரட்டுமுன் இந்த மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தக் கண்கொண்டு உடுப்பி விவகாரத்தைப் பார்ப்போம். அவ்வூர் அரசினர் பெண்கள் கல்லூரியில் ஹிஜாபுடன் வந்த ஆறு மாணவிகள் 2021 கடைசியில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பாகக் காவித் துண்டணிந்த மாணவர்கள் பல ஊர்களில் கிளம்பினார்கள். 2022 பிப்ரவரி 5-ல் கர்நாடக சர்க்கார் சீருடை உத்தரவு பிறப்பித்தது. மார்ச் 15-ல் அம்மாநில உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அக்டோபர் 13-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஒரு பக்கமும் நீதிபதி சுதான்ஷு துலியா மறு பக்கமுமாகப் பிரிந்தார்கள். விவகாரம் பெரிய அமர்வுக்கு விடப்பட்டது. துலியா அவர்கள் முதன்மையாகக் கருதியது பெண் குழந்தையின் கல்வியை. இந்த முடிவே நமக்கு ஏற்புடையது. சீருடையின் மீது நமக்கு மரியாதை குறைவென்று எவரும் நினைக்கவேண்டாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரவியதும், சீருடை வழக்கம் ஊக்குவிக்கப்பட்டதும் எதற்காக? கிழிந்த துணியோடு வருவதற்குக் கூசி ஏழைக் குழந்தை வீட்டிலேயே நின்றுவிடக்கூடாது என்பதற்காக. குழந்தையை உள்ளே அழைப்பதற்கென்று தைத்த உடுப்பைக் காட்டியே குழந்தையை வாசலில் நிறுத்துவதென்றால், குடையைக் கொண்டு மழையில் தள்ளியது போலத்தான். சீருடையின் நிறத்திலேயே ஒரு முழத் துணி தலையில் இருந்தால் பாடம் ஏறாதா?

கர்நாடகத்தை மாத்திரம் குறை கூறிவிட்டுத் தமிழர்கள் தோளைத் தட்டிக்கொள்ளவும் இயலாது. இலங்கையில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் 2018 ஏப்ரலில் முஸ்லிம் உபாத்தியாயினிகள் அபாயா அணிந்து வந்ததற்கெதிராக நடந்த ஆர்ப்பாட்டம் தமிழர்கள் செய்தது. சேலையே எங்கள் கலாசாரம், அதைத்தான் உடுத்தவேண்டும் என்பது கோரிக்கை. உபாத்தியாயினிகள் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போக நேர்ந்தது. மனித உரிமை ஆணைக்குழு அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லியும், 2022 பிப்ரவரியில் ஒருவர் வேலைக்குத் திரும்பிய அன்று மீண்டும் கூச்சல் எழுந்தது. அந்தப் பள்ளிக்கூடம் ஹிந்துக்கள் தம் பெண்களின் படிப்புக்கென்று உண்டாக்கியது, அதற்கொரு மரபு உண்டு என்பதை நாம் மதிக்கிறோம். ஆயினும் தம் மொழிக்கும் அடையாளத்துக்கும் பெரும்பான்மையினரால் இடையூறு நேர்ந்ததென்று அரை நூற்றாண்டுக்கு மேல் அழுத ஒரு சமூகம், தன் மதிற்சுவருக்குள் தானே பெரும்பான்மையாக இருக்கும்போது இவ்விதம் நடந்துகொண்டது நமக்குப் பெருந்துயரம். 2019-ல் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடுவது அங்கே அவசரச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அத்தகைய பயங்கரத்துக்குப் பின் ஒரு சர்க்கார் சில நாள் முகத்தைக் காட்டச் சொல்வதை நாம் குற்றமென்று சொல்லோம். தலைத்துணி மாத்திரம் போட்ட பெண்ணையும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தடுத்தார்களே, அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

இதுவரை வாசித்த முஸ்லிம் நண்பர்கள், நாம் அவர்கள் கட்சிக்கு வக்காலத்து வாங்கியதாக எண்ணிவிட வேண்டாம். அந்த பஸ்ஸில் வந்த பெண் தன் விருப்பத்தால் பர்தா அணிந்தாளா, தகப்பன் சொல்லியா, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியா என்று நமக்குத் தெரியாது. விருப்பமில்லாத பெண்ணும் உண்டு. துவரங்குறிச்சியில் பிறந்த கவி சல்மா, பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர், ஒளித்து எழுதியவர், பின்னர் பஞ்சாயத்துத் தலைவியாகி, 2025-ல் ராஜ்ய சபையில் பிரமாணம் எடுத்துக்கொண்டவர். அவருடைய "இரண்டாம் ஜாமங்களின் கதை" அந்த வீடுகளின் உட்புறத்தை எழுதியது. அதற்கு முன்பே 1938-ல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் "காதலா கடமையா" என்ற நாவலை வெளியிட்டார். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் அதற்கு மதிப்புரை வழங்கினார்கள். ஒரு முஸ்லிம் பெண் எழுதிய நூலை வைதிக அந்தணப் புலவர் வாசித்துப் பாராட்டி நாலு வரி எழுதியது, பஸ்ஸில் சொல்லும் ஆயிரம் 'பாவ'த்தைவிட மேலான உதவி. பிற மதத்தார் செய்யக்கூடியது அவ்வகைக் காரியமே.

வெளியிலிருந்து திரையை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரசீகத்தைப் பார்க்கலாம். 1936-ல் ரேஸா ஷா மன்னர் பர்தாவைத் தடை செய்தார். போலீஸார் வீதியில் துணியைப் பறித்தார்கள். அநேக ஸ்திரீகள் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்கள். 1979-ல் புரட்சி வந்தது. பிறகு முக்காடு கட்டாயமாயிற்று. 2022 செப்டம்பரில் மாஸா அமினி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், முக்காட்டைச் சரியாக அணியவில்லையென்று பிடிக்கப்பட்டுக் காவலில் உயிரிழந்தாள். துணி ஒன்றே. ஒரு சர்க்கார் பறித்தது, மறு சர்க்கார் போர்த்தியது. இரண்டிலும் கை போலீஸ்காரனுடையது. பிரான்ஸ் தேசம் 2010-ல் பொது இடங்களில் முகம் மூடுவதைத் தடுத்தது. பத்தே வருஷத்தில் கொரோனா வந்தபோது அதே தேசம் முகத்தை மூடாதவனுக்கு அபராதம் விதித்தது. முகம் தெரியாத மனிதரோடு சேர்ந்து வாழ இயலாதென்ற வாதம் அந்த இரண்டு வருஷமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சிவகாசி அச்சுக்கூடங்களில் ஒரே யந்திரம் காலையில் முருகனையும் மத்தியானம் வேளாங்கண்ணி மாதாவையும் மாலையில் மக்காவின் கஃபாவையும் காலண்டராக அச்சிட்டுத் தள்ளுகிறது. வியாபாரத்தில் நமக்கு இவ்வளவு விசாலம் இருக்கிறது. அது பஸ் ஸீட்டில் உட்காரும்போது சுருங்கிவிடுவது ஏனோ.

இனி எந்தத் தேர்தல் வந்தாலும், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒரு பெண் அதிகாரியும் ஒரு மறைவிடமும் கட்டாயம் இருக்கும்படி கலெக்டர்கள் ஏற்பாடு செய்யவேண்டும். நாம் பார்த்த சாவடிகள் சிலவற்றில் பெண் அதிகாரியே இல்லை. மறைவிடத்துக்காகக் கொண்டுவந்த தட்டியை வெயிலுக்காக வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்சித் தலைவர்கள் தங்கள் முகவர்களுக்கு முன்னிரவில் கூட்டம் போட்டுப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்திலேயே ஐந்து நிமிஷம், பர்தாவுடன் ஒரு வாக்காளர் வந்தால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யலாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருதுநகர் ஜில்லாவில் எந்தக் கட்சி முதலில் இதைச் செய்கிறதோ அதன் பெயரை மகிழ்ச்சியுடன் இப்பத்தியில் வெளியிடுவோம்.